ஊதிக் காட்டச் சொல்லாதவர்

எங்கள் கொட்டாஞ்சேனைக் கோவில் பங்கில் மதுவிலக்குச் சபைக்காரர்கள் பின்னேரமானால் ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆண்களை மறித்து, "ஊதிக் காட்டு" என்பார்கள். கராம்பைக் கடித்துக்கொண்டு நாங்கள் ஊதுவோம். கராம்பு மணக்கும். கராம்பு மணந்தால் உள்ளே சாராயம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். இரு தரப்பும் மரியாதையாகக் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சபையின் தலைவர் மட்டும் ஒருவரையும் ஊதச் சொன்னதில்லை. "குடிச்சியா தம்பி?" என்று கேட்பார். "இல்லை அண்ணே" என்றால், "சந்தோசம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார். விசாரணை அவ்வளவுதான். ஒரு நாள் சந்தியில் தந்திக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன், கம்பத்தை விடாமலே "இல்லை அண்ணே" என்றான். அவனையும் நம்பினார். "வெயில் பிடிச்சிருக்கு, வீட்ட போய்த் தலையை நனை" என்று அனுப்பிவைத்தார். அந்தக் கம்பத்துக்காரன் யாரென்று கேட்காதீர்கள். இப்போது எனக்கு வயது போய்விட்டது, மானம் மிச்சமிருக்கட்டும்.

ஒழுங்கை முழுவதற்கும் அவர் அண்ணன்தான். துறைமுகத்தில் சரக்குப் படகுகளுக்குப் போர்மன். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. நடுத்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள்தான் போய்ச் சரக்கை இறக்கி வரும். படகுக்குப் படகு அண்ணன் பாய்கிற பாய்ச்சலைப் பார்க்க வேண்டும். கீழே தண்ணீர் இருக்கிறது என்பதே அவருக்கு நினைவிருக்காது. நூலேணியில் ஏறினால் ஏணி ஆடாது. நானும் துறைமுகத்தில்தான் இருந்தேன், ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். கடதாசிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதே நூலேணியில் நான் ஏறும்போது மேலே நின்ற மாலுமிகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நல்ல காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

யார் எதைச் சொன்னாலும் நம்புவது என்பது அண்ணனுக்கு ஒரு கொள்கை அல்ல. அது அவருக்கு உடம்போடு வந்தது. கூலியாள் ஒருவன் காய்ச்சல் என்று சொன்னால் அவனை நிழலில் இருத்திவிட்டு, அவனுடைய மூட்டையைத் தானே தூக்குவார். அதே ஆள் பின்னேரம் கரப்பந்து விளையாடுவதைப் பார்த்தால், "சுகமாயிட்டான், நல்லது" என்பார். மீன்காரன் தட்டைக் காட்டி, "அத அல்லப்பு மாலு, மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னால் போதும். இன்றைக்குப் பிடித்த மீன் என்று ஒரு மனிதன் சொல்கிறானே! வாங்கிக்கொண்டு போவார். அக்கா, அதாவது அவருடைய மனைவி, அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இண்டைக்குப் பிடிச்சதுதான். ஆனா செத்தது போன கிழமை" என்பார்.

அவருடைய சபைக்கு நான்தான் பெருமை. ஆறு வருடங்களுக்கு முன் குடிக்க மாட்டேன் என்று அவருடைய சத்தியக் கொப்பியில் கையெழுத்து வைத்திருந்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் என்னை எழுப்பி நிறுத்தி, "பாருங்கோ, இவன் விட்டிட்டான். நீங்களும் விடலாம்" என்பார். நான் கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்குத் தள்ளிவிட்டுத் தலைகுனிந்து நிற்பேன். அடக்கம் என்று நினைத்துப் பெண்கள் பக்கத்தில் மெச்சிக்கொள்வார்கள்.

முதலில் அவருடைய ஒரு கண் மங்கியது. இரண்டு மாதத்தில் தானே தெளிந்தது. பிறகு வலது கால் அடிக்கடி தரையில் உரசியது. ஒரு நாள் படகுக்குப் படகு பாய்ந்தவர் நடுவில் விழுந்தார். தண்ணீரிலிருந்து தூக்கியபோது சிரித்துக்கொண்டு, "எவனோ படகைத் தள்ளி வச்சிட்டான்" என்றார். ஒருவரும் தள்ளி வைக்கவில்லை. வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும், அதையும் தனக்குத்தான் சொன்னார்.

அதன் பிறகு நடை தள்ளாடத் தொடங்கியது. காலையில் ஓரளவு நேராகப் போவார். வெயில் ஏற ஏறக் கால் பின்னும், பத்து மணிக்கு மேல் நாக்கும் பின்னும். இதில் ஒரு துரதிர்ஷ்டம் இருந்தது. சந்தியில் சாராயம் விற்கிற தவறணை திறக்கிறதும் பத்து மணிக்குத்தான்.

வெந்நீர் யோசனை என்னுடையது. வாதம் என்று முடிவு கட்டி, நொச்சி அவித்த தண்ணீரில் கழுத்தளவு இருக்க வேண்டும் என்று அக்காவிடம் நான்தான் சொன்னேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் குடிக்கிறவனிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். அக்கா பெரிய கிடாரத்தில் தண்ணீர் காய்ச்சி ஊற்றினார். இருபது நிமிடத்தில் அண்ணன் பிழிந்த சீலை மாதிரி ஆகிவிட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் கட்டிலில் போட்டோம். "இன்னும் சூடு காணாது" என்று நான் சொன்னேன். அடுத்த நாள் இன்னும் சூடாக ஊற்றினார்கள். அன்றைக்கு அவரால் கையையும் தூக்க முடியவில்லை. ஒரு கிழமை இப்படி அவித்தோம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று ஒவ்வொரு நாளும் போய்ப் பேசாமல் உள்ளே இருந்தார் அந்த மனுசன்.

குளிரைக் கண்டுபிடித்தது அவரேதான். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்டிறைச்சி கொண்டுவருகிற கப்பல்களில் ஐஸ் அறை உண்டு. ஒரு நாள் கணக்கெடுக்க அவரும் நானும் அதற்குள் போனோம். என் பல் தந்தியடித்தது. அண்ணனோ தொங்குகிற ஆடுகளுக்கு நடுவே ஒன்றையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றார். பிறகு நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, என்ட கால் எனக்குத் திரும்பி வந்திட்டு" என்றார்.

"எனக்குப் போயிட்டு அண்ணே, வெளிய வாங்கோ" என்றேன்.

அந்தக் கால் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதன் பிறகு அவர் மீன் சந்தையிலிருந்து ஐஸ் வாங்கி, வீட்டில் ஒரு மரத்தொட்டிக்குள் போட்டு, வேலைக்குப் போகுமுன் அதில் இருப்பார். துறைமுகத்தில் இறைச்சிக் கப்பல் வந்தால் அடிக்கடி ஐஸ் அறைக்குள் போய்வருவார்.

இதைத்தான் மூக்கர் பார்த்தார். மூக்கர் சபையின் உபதலைவர், துறைமுகத்தில் டைம்கீப்பர். மூக்கர் என்ற பெயர் நாங்கள் வைத்தது. அவர் ஊதச் சொன்னால் சும்மா ஊதிவிட முடியாது. தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து கண்ணை மூடி முகர்வார். அவர் ஒழுங்கை முழுவதும் போய்ச் சொன்னார்: "தள்ளாடிக்கொண்டு உள்ள போறார், தெளிஞ்சு வெளிய வாறார். ஐஸ் வச்சாத் தெளியிறது என்ன? வெறிதானே? குடிக்காதவனுக்கு எதுக்குத் தெளிவு?"

பதில் சொல்ல முடியாத நியாயம். வெறியில் கிடக்கிறவனுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எனக்கு ஊற்றியே இருக்கிறார்கள். அண்ணன் ஐஸில் இருக்க இருக்க, அவர் குடிகாரர் என்பதற்கு ஊர் கண்ட அத்தாட்சி கூடிக்கொண்டே போனது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டி, உள்ளங்காலில் கீறிப் பார்த்துவிட்டு ஒரு முழ நீளத்தில் இங்கிலீசுப் பெயர் சொன்னார். இந்தக் காலத்தில் மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்கிறார்களே, அதுதான். மின்சார வயருக்கு ரப்பர் போல நரம்புக்கும் ஒரு உறை இருக்கிறதாம். அது அங்கங்கே அரிபட்டுப் போகிறதாம், சூடு பட்டால் இன்னும் மோசமாம். மருந்து இல்லை, ஆனால் இது நோய்தான் என்று ஒரு கடிதம் தருகிறேன், வேலையிடத்தில் காட்டலாம் என்றார் டாக்டர்.

அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஏன் வேணாமெண்டனீங்கள்?" என்று அக்கா வீட்டில் வந்து அழுதார். "ஊரெல்லாம் குடிகாரன் எண்டு கதைக்குது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவங்கட முகத்தில எறியலாம்தானே?"

"நான் குடிக்கிறேல்ல எண்டு சொல்லிட்டன்" என்றார் அண்ணன். "சொன்னாப் போதாதா? நான் யாரிட்டயாவது கடிதம் கேட்டனானா?"

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தலைவர் பதவி அல்ல, காலும் அல்ல. தான் மற்றவர்களுக்குக் கொடுத்ததைத் தனக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பள்ளிக்கூட மண்டபத்தில், அண்ணன் குடிக்கிறாரா என்று விசாரணை. தகரக் கூரை, பதினொரு மணி வெயில். நாற்பது சத்தியக்காரர் ஒரு பக்கம், எங்கள் மனைவிமார் மறுபக்கம். நடுவில் பங்குச் சுவாமி. அவர் பிரான்சிலிருந்து வந்தவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அண்ணன் நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த வெக்கையில் அவருடைய நாக்கு வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும்.

"ஊதிக் காட்டட்டும். ஒரே ஊதல். எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் மூக்கர்.

அண்ணன் தலையை ஆட்டினார். முடியாது. "நா... குழிக்கிழேல்ல" என்றார். குடிக்கிறேல்ல என்றுதான் சொல்ல வந்தார். மண்டபம் சிரித்தது. சிரிப்புத் தாங்காமல் சிலர் இருமினார்கள். அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்கள்தானே சுவாமி?" என்றார் மூக்கர். "கிழமையில நாலு நாள் இவர் சந்தித் தவறணை வாசல்ல நிக்கிறத நானே கண்டனான். கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். உள்ள போய் என்ன செய்யிறாரோ, ஆருக்குத் தெரியும்?"

உண்மைதான், அவர் அங்கே நிற்பார். உள்ளே போகிறவர்களை மறித்துப் புத்தி சொல்லப் போவார். கால் களைத்தால் நிலையைப் பிடித்துக்கொள்வார். சத்தியக்காரர் நாங்கள் பின்கதவால் போய்வந்தோம்.

சுவாமி எங்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளைகளே, இவர் அந்த மதுச்சாலைக்குள் பிரவேசித்ததுண்டா, இல்லையா? இதனை அறிந்தவர் உங்களில் எவரேனும் உளரா?"

நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். அண்ணன் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை என்பது அந்த மண்டபத்தில் குறைந்தது முப்பது பேருக்குத் திட்டமாகத் தெரியும். அந்த முப்பது பேரும் உள்ளேதான் இருந்தோம். அதை எப்படிச் சொல்வது? எங்கோ ஒரு கராம்பு கடிபட்டது.

அப்போது அண்ணன் ஏதோ சொன்னார். கூழ் கொதிக்கிற சத்தம் போல இருந்தது. சுவாமிக்கு விளங்கவில்லை, மூக்கருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. குழறுகிற பேச்சைக் கேட்டு விளங்கிக்கொள்வதில் எனக்குப் பதினைந்து வருடத் தவறணைப் பயிற்சி. அவர் சொன்னது இதுதான்: "சுவாமி, அவங்களக் கேக்காதீங்கோ. பாவம், அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவங்கள் அங்க போறவங்களில்ல."

நான் எழும்பினேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கேட்ட பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சுவாமி, எனக்குத் தெரியும். அண்ணன் ஒரு நாளும் உள்ள வந்ததில்ல."

"நீ எவ்வாறு அறிவாய்?"

"நான் உள்ளதான் இருக்கிறனான் சுவாமி. சத்தியம் பண்ணின இந்த ஆறு வருசமும். இடது பக்கம் ரெண்டாவது வாங்கு."

பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அந்தத் தொண்டையை எனக்குத் தெரியும், என் மனைவியுடையது.

மூக்கர் குதித்தார். "குடிகாரன்ட சொல்லை எப்பிடி நம்புறது? இவன் அங்க இருக்கிறானெண்டதுக்கு என்ன சாட்சி?"

ஆர்மோனியம் வாசிக்கிறவர் பின்வரிசை வாங்கிலிருந்து கையை உயர்த்தினார். நியாயமான மனிதர். "இல்லை, இவன் சொல்றது சரி. ஒவ்வொரு நாளும் இருக்கிறவன். நான் கண்ணால..." என்று தொடங்கியவர், அவ்விடத்திலேயே நின்று, மெல்ல உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு பூசைக்கு ஆர்மோனியம் இல்லை.

சுவாமி சிலுவை போட்டுக்கொண்டு, தலைவர் குற்றமற்றவர் என்று முடித்துவிட்டார். எங்களில் ஒருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

அண்ணனை நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு மரநிழலில் நின்று இளைப்பாறியபோது நாக்கு கொஞ்சம் இளகியது.

"ஆறு வருசமா தம்பி?"

"ஓம் அண்ணே."

"ஒவ்வொரு நாளுமா?"

"பெரிய வெள்ளிக்கிழமை இல்லை."

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அண்டைக்காவது விட்டாயே."

"அண்டைக்குத் தவறணை பூட்டு அண்ணே."

சிரிக்கவில்லை. "நீ குடிக்கேல்ல எண்டு சொன்னாய்" என்றார். கோபம் இல்லை. கணக்குப் போட்டு விடை வராத பிள்ளை மாதிரி இருந்தார். "நீ சொன்னா நான் நம்பத்தானே வேணும்? வேற என்ன செய்ய?"

அவர் கையை எடுத்துத் திரும்பவும் என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் என் மனைவி என்னிடம் இரண்டு மாதம் கதைக்கவில்லை. ஒரே ஒரு வசனம் மட்டும் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "கராம்பு பல்லு நோவுக்கு எண்டனீங்கள். ஆறு வருசமா ஒரே பல்லு!"

அண்ணனை ஒருவரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவராகவே விட்டார். கால் முழுவதுமாக நின்றுவிட்டது, கையும் அரைவாசி. முன்னறையில் ஒரு நாற்காலி, காலடியில் ஐஸ் தொட்டி. ஐஸை மீன் சந்தையிலிருந்து சத்தியக்காரர்கள் முறைவைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். எல்லாரும் வெட்கத்தில் செய்தார்கள், ஆனால் தவறாமல் செய்தார்கள். பேச்சு நாளுக்கு நாள் குழைந்துகொண்டே போய், கடைசியில் அக்காவுக்கே விளங்காமல் போனது. அதனால் நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். டாக்டர் வந்தாலும் சுவாமி வந்தாலும் எனக்கு ஆள் அனுப்புவார்கள். கிளாக்கர் வேலையில் கிடைக்காத மரியாதையைத் தவறணைப் படிப்பு வாங்கித் தந்தது.

ஒவ்வொரு நாளும் நான் உள்ளே போனதும் கேட்பார்: "குடிச்சியா தம்பி?" இப்போது பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு கிளாஸ் அண்ணே" என்பேன். "சந்தோசம்" என்பார், அதே குரலில். குடித்ததற்கா, சொன்னதற்கா என்று நான் கேட்கவில்லை. தினமும் உண்மை சொல்வது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது. அந்தக் களைப்பைக் குறைக்கவே குடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். திருந்தியவன் என்று என்னை யாரும் சொல்ல வேண்டாம், நான் சோம்பேறி.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை மூக்கர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு அன்னாசி. ஆள் மெலிந்திருந்தார். தொட்டியில் கிடந்த அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு நின்றபடியே அழத் தொடங்கினார்.

"தலைவர், நான் உங்களுக்குச் செய்தது பெரிய பாவம். மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அது போதும் எனக்கு."

அண்ணன் அவரைப் பார்த்தார். கண்ணில் ஒரு மினுக்கம், நான் முன்னே கண்டிராதது. பிறகு வாய் கோணி, கூழ் கொதித்தது.

மூக்கர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றார்?"

அவர் சொன்னது: "ஊதிக் காட்டச் சொல்லு."

என் கையில் மூக்கரின் உயிர் இருந்தது. பகிடிக்காரனுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் இன்னொன்று வராது. ஆனால் அந்த ஈரக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"மன்னிச்சிட்டாராம்" என்றேன்.

மூக்கர் அண்ணனுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்னாசியை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரும், ஏசுவார், ஏதாவது ஒன்று நடக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மினுக்கம் போய்விட்டிருந்தது.

"தம்பி, கண்டியா?" என்றார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு. "நீ சொன்னதும் நம்பிட்டார். மூக்கக் கிட்டவும் கொண்டு வரேல்ல. அந்த மனுசன்! நான்தான் அவரைப் பிழையா நினைச்சிட்டன். ஓடு, ஓடிப்போய்ச் சொல்லு, நான் மன்னிச்சிட்டன் எண்டு."

"அதத்தான் அண்ணே நான் சொன்னது."

அவர் யோசித்தார். யோசித்து முடித்ததும், தட்டுவதற்கு என் தோள் எங்கே இருக்கிறது என்று அவருடைய கை தேடியது. நான் குனிந்து கொடுத்தேன்.

"அப்ப நீ பொய் சொல்லேல்லத்தானே" என்றார்.